நூற்றுக்கு நூற்று நாற்பத்தைந்து

அந்த ஆஸ்பத்திரி லிஃப்ட்டில் ஏறியவர்களில் பாதிப் பேர் லிஃப்ட்காரரின் முகத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள். அவர்கள் மேல் குற்றம் சொல்ல முடியாது. ஆஸ்பத்திரியில் ஏறி இறங்குகிறவனுக்குத் தன் கவலையே தலைக்கு மேல் இருக்கும். பொத்தான் பலகைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் மனிதர் எத்தனையாவது மாடி என்று கேட்பார். இவர்கள் ஒரு எண்ணைச் சொல்வார்கள். கதவு திறந்ததும் போய்விடுவார்கள். முப்பத்தாறு வருடமாக அவர் அந்த ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

அவரைப் பற்றி எழுத உனக்கு என்ன தகுதி இருக்கிறது என்று என் மகள் கேட்கிறாள். ஒரு தகுதியும் இல்லை. அவர் வாழ்க்கையைக் கெடுத்ததில் எனக்குப் பெரும்பங்கு உண்டு, அந்த ஒன்றுதான் தகுதி. அதனால் நானே எழுதுகிறேன்.

அவருடைய அப்பா அதே ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தள்ளியவர். வேலையில் இருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து போய்ச் சேர்ந்தார். வாரிசுக்கு ஒரு வேலை என்று இவரை இருபத்திரண்டு வயதில் லிஃப்ட்டில் உட்கார வைத்தார்கள். ஆறு மாடி. காலை ஏழு மணியிலிருந்து மூன்று மணி வரை. பிறகு கல்யாணம், ஒரு மகள், ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் இரண்டு அறை வாடகை வீடு. இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லாத வாழ்க்கை என்று தோன்றும். ஆனால் அவர் சட்டைப் பை மட்டும் எப்போதும் புடைத்துக்கொண்டிருக்கும். பார்வையாளர்கள் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகும் அனுமதிச் சீட்டுகளைச் சேர்த்து வைத்திருப்பார். ஆளில்லாமல் லிஃப்ட் கீழே இறங்கும்போது அதன் பின்பக்கத்தில் ஒரு வரி எழுதுவார். அடுத்த முறை இறங்கும்போது அதை அடிப்பார். பாட்டு எழுதுகிறேன் என்று யாரிடமும் சொல்லிக்கொண்டது கிடையாது. அவர் மனைவியே கடைக்குப் போகிற பட்டியல் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தாராம்.

பல்லுக்காரர் அந்த லிஃப்ட்டில் தினமும் ஏறுகிறவர். இரண்டு தெரு தள்ளி ஒரு மாடி அறையில் பல்செட் செய்கிற லேப் இருந்தது. அங்கே அவர் வேலை செய்தார். மெழுகில் பல்லை ஒவ்வொன்றாக நட்டு, தேய்த்து, மெருகு போட்டு, யாருடைய வாய்க்கு எது என்று சீட்டு ஒட்டி, ஒரு அட்டைப் பெட்டியில் அடுக்கி, நாலாவது மாடியில் இருந்த பல் பிரிவுக்குக் கொண்டுவருவார். ஊரார் வாய்க்கெல்லாம் பல் கட்டுகிறவருக்குத் தன் வாயை அடக்கத் தெரியாது. எந்நேரமும் ஏதாவது ஒரு மெட்டை முணுமுணுத்துக்கொண்டே இருப்பார். வீட்டில் ஒரு சின்ன கீபோர்டு வைத்திருந்தார். முறையாக யாரிடமும் கற்றதில்லை.

ஒருநாள் அவர் முனகிக்கொண்டிருந்த மெட்டு ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நின்றது. லிஃப்ட்காரருக்குப் பொறுக்கவில்லை.

"மூணு நாளா அதே இடத்துல நிக்குது. மேல போகாதா?"

"வார்த்தை இல்லாம எப்படிப் போகும்? ஒரு வரி குடுங்க, ஏத்திக் காட்டுறேன்" என்றார் பல்லுக்காரர். பேச்சுக்குத்தான் சொன்னார். மறுநாள் கதவு மூடியதும் லிஃப்ட்காரர் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினார். அதில் இருந்தது இதுதான்:

*மெல்லச் சிரி, ஒத்தப் பல்லு தெரிய,*
*மேலே கீழே போகுதடி எம் மூச்சு.*

பல்லுக்காரர் சிரித்த சிரிப்பில் பெட்டிக்குள் பல்செட்டெல்லாம் கடகடவென்று ஆடியதாம். அவர் பிழைப்பும் இவர் பிழைப்பும் இரண்டு வரியில் அடங்கிவிட்டன. அன்றிலிருந்து ஒருவருக்கொருவர் மச்சான்.

தரையிலிருந்து நாலாவது மாடிக்குப் போக முப்பத்தெட்டு விநாடி. திரும்பி வர இன்னொரு முப்பத்தெட்டு. நடுவில் நோயாளிகள், ஸ்ட்ரெச்சர்கள், அழுகிறவர்கள், பிறந்த குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு போகிறவர்கள். யாரும் இல்லாத நேரம் பார்த்துத்தான் பாட்டு நடக்கும். அந்த ஒரு பாட்டுக்கு மூன்று மாதம் பிடித்தது. பல்லுக்காரர் தன் மெட்டை ஓரிடத்திலும் மாற்ற மாட்டார். லிஃப்ட்காரர் அதற்குள் உட்காரும் சொல்லைத் தேடித் தேடி அடித்துக்கொண்டிருப்பார். சரணத்தில் ஒரு சொல்லுக்காக மட்டும் பதினேழு சீட்டு செலவானது என்று என்னிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

பாட்டு வெளியே போனதுகூடப் பல்லால்தான். மேடைக் கச்சேரிப் பாடகி ஒருவர் படி தடுக்கி விழுந்து முன்பல்லை உடைத்துக்கொண்டு அந்தப் பல் பிரிவுக்கு வந்தார். பல்லின் நிறம் பொருந்துகிறதா என்று பார்க்கப் பல்லுக்காரரை வரச்சொன்னார்கள். அவர் பாட்டுக்கு முனகிக்கொண்டே நிறம் பார்த்தார். பாடகிக்கு வாய் முழுக்கப் பஞ்சு. பேச முடியாமல் மருத்துவரின் பேனாவைப் பிடுங்கி, "அது என்ன பாட்டு?" என்று கையிலேயே எழுதிக் காட்டினாராம். அடுத்த மாதம் மேடையில் பாடினார். பிறகு வானொலிக்காகப் பதிவு செய்து கொடுத்தார். ஆறு மாதத்தில் கல்யாண மண்டபம், துணிக்கடை, பேருந்து, எங்கே போனாலும் ஒத்தப் பல்லுதான். நான் காய்கறிக் கடையில் நின்றுகொண்டு அதற்குத் தலையாட்டியிருக்கிறேன்.

இந்த இடத்தில்தான் நான் வருகிறேன். ஒரு மரச்சாமான் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில், பாடல் உரிமைச் சங்கம் என்று ஒன்று இருக்கிறது. அங்கே பதிவுப் பிரிவில் நான் எழுத்தர். வானொலி, ஹோட்டல், கடை, மேடை எங்கே ஒரு பாட்டு ஒலித்தாலும் அந்த இடத்துக்காரர்கள் சங்கத்துக்கு ஒரு தொகை கட்டவேண்டும். அதை நாங்கள் பாட்டை உண்டாக்கியவர்களுக்குப் பிரித்துக் கொடுப்போம். யாருக்கு என்று தெரிய வேண்டுமே, அதற்குத்தான் பதிவு. பாட்டின் பெயர், மெட்டு யார், வரி யார், யாருக்கு நூற்றில் எத்தனை பங்கு. நாலே கட்டம்தான். பதிவு செய்யாத பாட்டு ஊரெல்லாம் ஒலித்தாலும் எங்கள் கணக்கில் அது அநாதை.

பாடகி சொல்லித்தான் இவர்களுக்கு இப்படியொரு சங்கம் இருப்பதே தெரிந்தது. ஆஸ்பத்திரித் தொலைபேசியிலிருந்து லிஃப்ட்காரர் கூப்பிட்டார். தனக்குத் திங்கட்கிழமைதான் விடுமுறை, கூட்டாளியின் லேப்புக்கு வியாழக்கிழமை, இரண்டு பேரும் சேர்ந்து வர வழியில்லை, என்ன செய்வது என்று கேட்டார். இரண்டு பேரும் ஒரே படிவத்தில் சேர்ந்து கையெழுத்துப் போடுவதுதான் வழக்கம். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"தனித்தனியா வந்து ஆளுக்கொரு படிவம் குடுத்தாலும் போதும்."

விதியில் அதற்கு இடம் இருந்தது. நான் பொய் சொல்லவில்லை.

ஆளுக்குப் பாதி என்று இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக் கேன்டீனில் உட்கார்ந்து பேசி முடித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்கள். லிஃப்ட்காரர் திங்கட்கிழமை வந்தார். தேய்த்த சட்டை, நனைத்து வாரிய தலை. என் மேசை முன்னால் உட்கார்ந்துதான் தன் கதையையெல்லாம் சொன்னார். பங்குக் கட்டத்துக்கு வந்ததும் பேனாவை எடுத்து வைத்துவிட்டு யோசித்தார். பிறகு கூட்டாளிக்கு எழுபது, தனக்கு முப்பது என்று எழுதினார்.

"பாதிப் பாதின்னுதானே சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"என் வரியை யார் முணுமுணுக்கிறாங்க மேடம்? வார்த்தை தெரியாதவன்கூட அந்த மெட்டை விசில் அடிக்கிறான். அவனுக்குத்தான் அதிகம் போகணும். நேர்ல குடுத்தா சண்டைக்கு வருவான். நீங்க சொல்லிடாதீங்க."

நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டே முத்திரை குத்தினேன். பல்லுக்காரர் வியாழக்கிழமை வந்தபோது நான் விடுப்பில் இருந்தேன். பக்கத்து மேசைக்காரர் படிவத்தை வாங்கிக் கோப்பில் போட்டார். அவர் எதையும் படித்துப் பார்க்கிற ஜாதி இல்லை. கணினியில் எண்களை ஏற்றினதோடு அவர் வேலை தீர்ந்தது.

அடுத்த வாரம் கணினி ஒரு பட்டியல் கொடுத்தது. ஒத்தப் பல்லு, பங்குகளின் கூடுதல் நூற்று நாற்பத்தைந்து, தகராறு. ஒரு பாட்டுக்கு இரண்டு படிவம் வந்து எண்கள் ஒத்துப்போகாவிட்டால், ஆளுக்கு எது பெரியதோ அதை எடுத்துக் கூட்டிப் பார்க்கும், அவ்வளவுதான் அதற்குத் தெரியும். யார் யாருக்கு எழுதினார்கள் என்று அதற்கு அக்கறை இல்லை. தகராறு என்று வந்துவிட்டால் ஒரே மாதிரிக் கடிதம் இரண்டு பேருக்கும் போகும். நான்தான் தட்டச்சு செய்தேன். பங்குகளின் கூடுதல் நூறைத் தாண்டுகிறது, தங்கள் இணை ஆசிரியருடன் பேசித் தீர்த்துக்கொள்ளும் வரை தொகை நிறுத்திவைக்கப்படும். ஒருவர் எழுதியதை இன்னொருவருக்குக் காட்டக் கூடாது என்பது விதி. அதனால் எண்கள் எதுவும் அதில் இல்லை.

அந்தக் கடிதம் லிஃப்ட்காரர் மனதில் என்ன செய்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அவனுக்கு எழுபது கொடுத்தேன். எழுபது கொடுத்த பிறகும் கூடுதல் நூறைத் தாண்டுகிறது என்றால், அவன் அதற்கும் மேல் கேட்டிருக்கிறான். வேறு எப்படி நினைக்க முடியும்? வாயைத் திறந்து கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் தீர்ந்திருக்கும். ஆனால் மறைத்துக் கொடுத்த மனிதரால் கேட்க முடியவில்லை. கொடுத்ததைச் சொல்லிக்காட்டிக் கேட்கிற புத்தி அவருக்கு இல்லை.

நேராக என்னிடம் வந்தார். "அவன் எவ்வளவு கேட்டிருக்கான் மேடம்?"

காட்டக் கூடாது என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். என் வாய் சும்மா இருக்காது. நானும் அவர் போட்ட கணக்கையேதான் போட்டு வைத்திருந்தேன். கோப்பு என் முதுகுக்குப் பின்னால் அலமாரியில் இருந்தது, எழுந்து ஆறு அடி வைத்தால் போதும். வைக்கவில்லை. "இந்தக் காலத்துல யாரை நம்புறதுண்ணே, பணம்னு வந்தா எல்லாரும் ஒண்ணுதான்" என்று ஆறுதல் சொல்லி அனுப்பினேன். பெரிய மனுஷி மாதிரி.

பல்லுக்காரரும் வந்தார். அதே கேள்வி. இந்த ஆளா அந்த நல்ல மனிதரை ஏமாற்றியவன் என்று எனக்கு அவரைப் பார்த்ததுமே எரிச்சல் வந்தது. "நீங்க என்ன எழுதிக் குடுத்தீங்கன்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க சார்" என்று முகத்தில் அடித்த மாதிரி சொன்னேன். அவர் இறங்கிப் போனார். அன்றைக்கு அவர் எதையும் முணுமுணுக்கவில்லை.

அதற்குப் பிறகு பல்லுக்காரர் லிஃப்ட்டில் ஏறுவதை நிறுத்திவிட்டார். பல்செட் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நாலு மாடிக்கும் படியேறிப் போவார். படிக்கட்டு லிஃப்ட்டுக்கு நேர் எதிரில். தினமும் பத்தரை மணிக்கு லிஃப்ட்காரர் ஸ்டூலில் உட்கார்ந்தபடி அந்த முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, பதினொரு வருடம். முதலில் இரண்டு இரண்டு படியாகத் தாவிப் போனவர், போகப் போக ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்கினாராம். கூப்பிடலாம் என்று பல தடவை நினைத்திருக்கிறார். "என்னை ஏமாத்தினவன் அவன். அவன்தானே முதல்ல வரணும்" என்று இருந்துவிட்டாராம். பல்லுக்காரருக்கும் அதே நினைப்புத்தான் இருந்திருக்கும் என்று இப்போது தெரிகிறது.

லிஃப்ட்காரரின் சட்டைப் பையில் சீட்டுகள் சேர்வதும் நின்றது. அதற்குப் பிறகு அவர் ஒரு வரிகூட எழுதவில்லை. பாட்டு மட்டும் நிற்கவில்லை. ஆஸ்பத்திரி வாசல் மருந்துக்கடை வானொலியில் வாரத்துக்கு இரண்டு தடவையாவது ஒத்தப் பல்லு ஓடும். அது ஓடி முடிகிற வரை லிஃப்ட்டை ஆறாவது மாடியிலேயே நிறுத்தி வைத்திருப்பேன் என்று என்னிடம் சொன்னார்.

இந்த வருட ஆரம்பத்தில் சங்கத்தின் செயற்குழு ஒரு முடிவெடுத்தது. பத்து வருடத்துக்கு மேல் தகராறில் கிடக்கும் தொகைகளைப் பொது நிதியில் சேர்த்துவிடலாம், அதற்கு முன் எல்லோருக்கும் கடைசியாக ஒரு அறிவிப்பு அனுப்ப வேண்டும். பழைய கோப்புகளை எல்லாம் இறக்கித் தூசி தட்டும் வேலை என் தலையில் விழுந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால், ஒத்தப் பல்லு கோப்பைத் திறந்தேன்.

இரண்டு படிவங்களும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. லிஃப்ட்காரர் எழுதியது எனக்குத் தெரியும். பல்லுக்காரர் படிவத்தில் கூட்டாளிக்கு எழுபத்தைந்து, தனக்கு இருபத்தைந்து என்று இருந்தது. குறிப்பு என்று ஒரு கட்டம் உண்டு, யாரும் எதுவும் எழுத மாட்டார்கள். அதில் அவர் நுணுக்கி எழுதியிருந்தார்: "மெட்டு எனக்குச் சும்மா வந்தது. வரிக்கு அவன் மூன்று மாதம் உழைத்தான். பாதி என்று அவன் பேசியது தப்பு. இது அவனுக்குத் தெரிய வேண்டாம்."

எழுபதும் எழுபத்தைந்தும் நூற்று நாற்பத்தைந்து. நான் அன்று சாப்பிடவில்லை. என் மேசையில் உட்கார்ந்து விசும்பி அழுதேன். பக்கத்து மேசைக்காரர் வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்டார். படிக்காமல் கோப்பில் போட்ட புண்ணியவானே நீங்கள்தான் என்று கத்த வாய்வரை வந்தது. நான் மட்டும் என்ன படித்துக் கிழித்தேன் என்று அடக்கிக்கொண்டேன்.

அந்த நிமிடமே தொலைபேசியை எடுத்திருக்க வேண்டும். அங்கேதான் நான் இரண்டாவது தடவை கெடுத்தேன். விதி, விதி என்று இருபது வருடம் குனிந்து பழகிய முதுகு. மேலாளரிடம் போய் நின்றேன். ஒருவர் படிவத்தை மற்றவருக்குக் காட்ட அனுமதி வேண்டும் என்றேன்.

"நல்ல விஷயம்தான்மா. ஆனா இதை ஒரு குறிப்பா எழுதி அனுப்புங்க. சட்டப் பிரிவு பார்க்கட்டும்" என்றார் அவர். குறிப்பு எழுதினேன். கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது. பதினொரு வருடம் பொறுத்தவர்கள் இன்னும் பத்து நாள் பொறுக்க மாட்டார்களா என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். மனதுக்குள் ஒரு காட்சிகூட ஓட்டிப் பார்த்தேன். இரண்டு பேரையும் என் மேசை முன்னால் உட்கார வைத்து, இரண்டு படிவத்தையும் திருப்பிக் காட்டி, அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அதை நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

பத்தாவது நாள் அனுமதி வந்தது. உடனே லேப்புக்குப் போன் செய்தேன். முதலாளிதான் எடுத்தார்.

"அவரா? அவர் போய் ஆறு நாள் ஆச்சே மேடம். வெள்ளிக்கிழமை இங்க வேலை செஞ்சுக்கிட்டே சரிஞ்சுட்டாரு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனோம். மறுநாள் முடிஞ்சிருச்சு. ரொம்ப நாளா நெஞ்சுவலியாம், யார்கிட்டயும் சொல்லலை."

விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை கோப்பைத் திறந்தேன். வெள்ளிக்கிழமை வரை மனிதர் மெழுகில் பல் நட்டுக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு முழுசாக இரண்டு நாள் இருந்தது.

அன்று மதியமே ஆஸ்பத்திரிக்குப் போனேன். இனி எதற்குப் போக வேண்டும் என்று வழியெல்லாம் எனக்குள் ஒரு வாதம். பல்லுக்காரரின் மனைவிக்குப் பணம் போய்ச் சேர லிஃப்ட்காரரின் கையெழுத்து வேண்டும், அது ஒரு காரணம். உண்மையை மறைத்துவிட்டு வெறும் கையெழுத்து வாங்கிவிடலாம். அவரும் ஏமாற்றியவன் போய்விட்டான் என்ற கோபத்தோடு மிச்ச காலத்தை ஓட்டிவிடுவார். கோபம் தாங்கக்கூடியதுதான். ஆனால் அப்படிச் செய்தால் செத்தவர் கடைசி வரைக்கும் திருடனாகவே இருப்பார். அதற்கு எனக்கு மனம் வரவில்லை.

மூன்று மணிக்கு வேலை முடிந்து அவர் ஸ்டூலைச் சுவரோரம் நகர்த்திக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னை அடையாளம் தெரிந்தது. லிஃப்ட்டுக்கு வெளியே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தோம். எதிரே படிக்கட்டு. நான் தொடங்குவதற்கு முன் அவரே பேசினார்.

"அவன் போயிட்டான், தெரியுமா?"

"தெரியும்ணே."

"என் லிஃப்ட்லதான் கொண்டு வந்தாங்க. ஸ்ட்ரெச்சர்ல படுத்தா படி ஏற முடியாதே. அஞ்சாவது மாடிக்கு. பதினோரு வருஷம் கழிச்சு ஏறுறான். மூக்குல ஆக்ஸிஜன் மாஸ்க். நினைவு இருந்தது. என்னையே பார்க்கிறான்னு தெரியுது. நான் திரும்பலை. மேல இருக்கிற நம்பரையே பார்த்துக்கிட்டு நின்னேன். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலுன்னு. கதவைத் திறந்துவிட்டேன், தள்ளிட்டுப் போயிட்டாங்க." படிக்கட்டைப் பார்த்தார். "அப்பவும் எனக்குக் கோபம்தான் மேடம். இப்பவும் கோபம்தான்."

நான் பையைத் திறந்து இரண்டு நகல்களையும் எடுத்து அவர் மடியில் வைத்தேன். வேறு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். எழுபத்தைந்து என்ற எண்ணின் மேல் விரலை வைத்தார். பிறகு குறிப்பைப் படித்தார். இன்னொரு தடவை படித்தார்.

"அப்போ அவன் கேக்கவே இல்லையா?"

"யாருமே எதுவும் கேக்கலைண்ணே. நீங்க அவருக்குக் குடுத்தீங்க. அவர் உங்களுக்குக் குடுத்தார். அது ரெண்டையும் கூட்டித்தான் எங்க ஆபீஸ் தகராறுன்னு சொல்லுச்சு. அந்த லெட்டரை அடிச்சது நான்தான்."

என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் அந்தத் தாளை மடியிலேயே வைத்துக்கொண்டு தலையை மட்டும் இடதும் வலதுமாக ஆட்டிக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, துடைக்கவில்லை. பிறகு ஒன்று கேட்டார்.

"நான் எழுதினதை அவன் பார்த்தானா? அவன்கிட்ட இதைக் காட்டினீங்களா?"

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு இல்லை என்று சொல்ல என்னால் முடியவில்லை. ஒரு மனிதருக்கு ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்கிற மாதிரி நினைத்துத்தான் சொன்னேன்.

"காட்டினேன்ணே. பார்த்தார். ரொம்ப சந்தோஷப்பட்டார்."

"எப்போ?"

"செவ்வாய்க்கிழமை."

அவர் நிமிர்ந்தார். உதடு அசைந்தது, நாள் எண்ணுகிறார் என்று புரிந்தது. புரிந்த நொடியில் நான் என்ன செய்துவிட்டேன் என்பதும் புரிந்தது.

"செவ்வாய்க்கிழமையே தெரியுமா? அப்போ வெள்ளிக்கிழமை லிஃப்ட்ல வரும்போது அவனுக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சுக்கிட்டுதான் என்னைப் பார்த்திருக்கான். நான் ஒரு தடவை திரும்பியிருக்கக் கூடாதா? ஐயோ, பேச வந்தவனை நான் நம்பர் பார்த்து அனுப்பிட்டேனே."

"இல்லைண்ணே, நான் பொய் சொன்னேன்" என்று பதறினேன். "அவர்கிட்ட நான் காட்டவே இல்லை. அனுமதி வர்றதுக்குள்ள அவர் போயிட்டார். இன்னிக்குத்தான் அனுமதி வந்தது, இதோ பாருங்க, தேதி போட்டிருக்கு. அவருக்கு ஒண்ணுமே தெரியாது."

அவர் தேதியைப் பார்க்கவில்லை. என் கையைத் தட்டிக் கொடுத்தார். ஆமாம், அவர் எனக்கு ஆறுதல் சொன்னார்.

"விடுங்க தங்கச்சி. என் மனசு நோகக் கூடாதுன்னு மாத்திச் சொல்றீங்க. நல்ல மனசு உங்களுக்கு."

"சத்தியமாச் சொல்றேன்ணே."

"ஒண்ணு உங்ககிட்ட சொல்லலை. கதவு திறந்ததும், தள்ளுறதுக்கு முன்னாடி, அவன் என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினான். ஸ்டீல் கதவுல தெரிஞ்சுது. நான் பார்க்காத மாதிரி நின்னேன்." அவர் என்னை நேராகப் பார்த்தார். "ஒண்ணும் தெரியாதவன், நான் ஏமாத்திட்டேன்னு நினைக்கிறவன், எதுக்குக் கையைத் தூக்கணும்?"

ஒன்றும் தெரியாமல்தான் தூக்கியிருக்கிறார். ஏமாற்றப்பட்டோம் என்றே நம்பிக்கொண்டு, நாலு மாடியைப் பதினொரு வருடம் ஏறிக் கெட்ட நெஞ்சோடு படுத்துக்கொண்டு, அப்படியும் அந்த மனிதர் கூட்டாளியைப் பார்த்துக் கையைத் தூக்கியிருக்கிறார். இதையெல்லாம் நான் அந்த பெஞ்சிலேயே அவரிடம் சொன்னேன். அதற்குப் பிறகும் இரண்டு தடவை தேடிப் போய்ச் சொன்னேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார், எழுபதையும் அடித்துவிட்டுத் தொண்ணூறு என்று எழுதிக் கொடுத்தார், என் வீட்டில் எல்லோரும் நலமா என்று விசாரித்தார். ஆனால் நான் சொன்னதை அவர் நம்பவில்லை.